மடங்காத துப்பாக்கியும் குடில் பொம்மைகளும்

மேசையில் மூன்று ராஜாக்கள் நின்றிருந்தார்கள். ஓர் ஒட்டகம் படுத்திருந்தது. காது ஒட்டாத இரண்டு ஆடுகள் இருந்தன. இவற்றுக்கு நடுவில் பழைய துண்டை விரித்து, ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் போட்டிருந்தார் லூர்துசாமி அண்ணன்.

ராஜாக்களும் ஆடுகளும் இன்னும் சூளைக்குப் போகாத பச்சை மண். விரல் பட்டால் மூக்கு போய்விடும். அதனால் அண்ணன் முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, மணிக்கட்டால் மட்டும் வேலை செய்தார். திருப்புளியைத் திருப்பும்போதெல்லாம் மேசை ஆடியது. மேசை ஆடும்போதெல்லாம் அவர் மனைவி ரெஜினாக்கா ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டார்.

“வேற எடமே கெடைக்கலியா உங்களுக்கு?”

“வெளிச்சம் இங்கதான் இருக்குது.”

“வெளிச்சம் வெளிய இருக்குது. அதான் எனக்குக் கவலையா இருக்குது.”

உண்மைதான். காலையிலிருந்து பெய்த மழை விட்டு, ஷெட்டுக்கு வெளியே வெயில் வந்திருந்தது. ஐப்பசி வெயில் சொல்லிக்கொண்டு வராது, சொல்லிக்கொண்டு போகவும் போகாது. வந்த நேரத்தில் காயவைக்க வேண்டியதைக் காயவைத்தாக வேண்டும். அதே வெயிலுக்குக் குரங்குகளும் வரும், முதுகைக் காயவைக்க.

குழந்தையை மட்டும்

விருத்தாசலத்தில் அப்போது நான் ஒரு நாளிதழின் நிருபர். தொழிற்பேட்டையில், ரெஜினாக்காவின் பீங்கான் ஷெட்டை ஒட்டிய அறையில் குடியிருந்தேன். அறைக்குள் எதைத் தொட்டாலும் வெள்ளைத் தூசி கையில் வரும். நான் செய்தி எழுதி அனுப்பும் தாள்களில் என் கைரேகை தெளிவாகப் பதிந்து போகிறது என்று கடலூர் அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள்.

ரெஜினாக்கா ஊதுபத்தி ஸ்டாண்டும் ஃபியூஸ் கேரியரும் செய்து ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த வருஷம்தான் முதல்முறையாக வெளியூர் ஆர்டர் வந்தது. புதுச்சேரியில் கோயில் சாமான் விற்கிற ஒரு கடைக்குக் கிறிஸ்துமஸ் குடில் செட்டுகள். மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, மூன்று ராஜாக்கள், இடையர், ஆடு, மாடு, ஒட்டகம்.

லூர்துசாமி அண்ணனுக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவர் பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். மாதம் பிறந்தால் சம்பளம். சிமென்ட் வியாபாரி ஒருவர் ஷெட்டைக் குடோனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆர்டர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ரெஜினாக்கா தொழிலை நடத்தலாம். சேராவிட்டால் ஷெட் சிமென்ட்டுக்கு. கணவன் மனைவிக்குள் அப்படி ஒரு பேச்சு. பேச்சு நடந்தபோது சுவரின் இந்தப் பக்கம் நான் இருந்தேன். சுவர் அவ்வளவு கனமில்லை.

பெரிய உருவங்களை நிழலில்தான் உலர்த்துவார்கள். நேர்வெயில் பட்டால் விரிந்துவிடும். மழைக்காலத்தில் ஷெட் முழுக்க அவைதான் நின்றன. குழந்தை இயேசு உள்ளங்கையளவு. இளவெயிலைத் தாங்கும். இடம் இல்லாததால் குழந்தைகளை மட்டும் பலகையில் வரிசையாகப் படுக்கவைத்து முற்றத்தில் வைத்தார்கள்.

குரங்குகள் குழந்தைகளை மட்டும் எடுத்தன.

எடுக்கும், முகரும், தலையைக் கடிக்கும், துப்பும், எறியும். முதல் குரங்கு கடித்துத் துப்பியதைப் பார்த்த பிறகும் இரண்டாவது குரங்கு தானே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கும். அடுத்தவன் சொன்னதை அப்படியே நம்பாத இந்தக் குணத்தை எங்கள் அலுவலகத்தில் பலமுறை வலியுறுத்தியிருக்கிறார்கள். இவ்வளவு பேர் கடைப்பிடித்து நான் பார்த்தது அங்கேதான்.

கூட்டத்துக்குக் கடைசியில் ஒரு பெரிய ஆண் குரங்கு வரும். எதையும் எடுக்காது. பலகையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மதில்மேல் உட்கார்ந்துகொள்ளும். ரெஜினாக்கா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்.

“சூசையப்பர எடுத்தாக்கூட பரவால்ல தம்பி. வேற ஒரு இடையனுக்குத் தாடி வெச்சு நிக்க வெச்சிரலாம். குழந்த இல்லாத குடில எவன் வாங்குவான்?” என்றார் என்னிடம்.

பலூன் துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கோயில் திருவிழாவில் அட்டையில் பலூன்களைக் குத்திவைத்துச் சுடச் சொல்வார்களே, அந்த வகை ஏர்கன். திருவிழாவில் கடை போட்ட ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அண்ணன் வாங்கிவைத்தது. நடுவில் மடங்கும் துப்பாக்கி. குழலின் நுனியைப் பிடித்துக் கீழ்நோக்கி மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். குழலைத் திரும்ப நிமிர்த்தி, விசையை இழுத்தால் ஸ்பிரிங் விடுபட்டுக் காற்றைத் தள்ளும். நல்ல சத்தம் வரும்.

குண்டு போடக் கூடாது என்பது ஷெட்டின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர் கலியபெருமாள். பொம்மைகளுக்கு பிளாஸ்டர் அச்சு செய்கிறவர். அவர் இல்லாவிட்டால் ஷெட் இல்லை.

“ஆஞ்சநேயரு அது. ஒரு குண்டு போட்டீங்கன்னா நான் நாளையிலேர்ந்து வரமாட்டன்மா” என்றார்.

“நாங்க மட்டும் போடச் சொன்னமா? மாதாவுக்குச் செய்ற வேலையில எனக்கெதுக்குக் குரங்கு பாவம்?” என்றார் ரெஜினாக்கா.

ஆக, வெறும் சத்தம். அதுவே போதுமாக இருந்தது. சில வாரங்கள் குழந்தைகள் நிம்மதியாகக் காய்ந்தார்கள்.

பிறகு உபதேசியார் வந்தார். பங்குக்கோயிலில் ஞாயிறு வகுப்பு எடுப்பவர், சாதுவான மனிதர். மாதாவின் முகத்தில் பக்தி வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தார். அந்த நேரம் பார்த்து மதிலில் ஒரு குரங்கு இறங்கியது. பக்கத்தில் துப்பாக்கி சாய்ந்திருந்தது. ஆர்வத்தில் எடுத்தார், குழலை மடக்கினார். நிமிர்த்த மறந்தார். மடங்கிய நிலையிலேயே விசையை இழுத்துவிட்டார்.

இறுகியிருந்த ஸ்பிரிங் மொத்தமும் குழலைத் தூக்கி அடித்தது. ‘ணங்’ என்று ஒரு சத்தம். குரங்கு போய்விட்டது. துப்பாக்கியின் குழல், கும்பிடப் போகிற ஆள் கையைத் தூக்குவதுபோல, மேல்நோக்கி வளைந்து நின்றது.

“நான் ஒண்ணும் பண்ணலீங்களே” என்றார் உபதேசியார்.

மாலையில் ஆலையிலிருந்து வந்த அண்ணன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உபதேசியார் சுட்டா நேரா மோட்சத்துக்குத்தான் போவும்போல.”

வளைந்ததோடு போகவில்லை. குழல் வந்து மூடும் இடத்தில் சந்து விழுந்துவிட்டது. காற்று அதன் வழியே போனது. விசையை இழுத்தால் ‘புஸ்’ என்று, மாடு பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். அதைக் கேட்டுக் குரங்குகள் முதலில் ஓடின. பிறகு நடந்தன. பிறகு இருந்த இடத்திலேயே திரும்பிப் பார்த்தன. மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேப்பூரில் வந்த பொட்டலம்

குச்சியை எடுத்து விரட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். கேட்டேன்.

“குச்சிக்கு அதுங்க ஓடுதா, குச்சியப் புடுங்கறதுக்கு வருதான்னு நீயே ஒருவாட்டி எடுத்துப் பாரு தம்பி” என்றார் அக்கா.

திருச்சியில் ஏர்கன் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணன் பேசினார். அந்த மாடலுக்குக் குழல் இருக்கிறது, அடிப்பாகத்தோடு வரும், நீளத்தைச் சொன்னால் வெட்டி அனுப்புகிறோம் என்றார்கள். ஸ்பிரிங்கும் புதிதாக ஒன்று சேர்த்து அனுப்பச் சொன்னார் அண்ணன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்பது ஃபிட்டர்களின் நோய்.

நீளத்தை அளந்தது கலியபெருமாள். அளப்பதென்றால் ஷெட்டில் அவர்தான். வளைந்த குழலின்மேல் நூலைப் படியவிட்டு, வளைவைக் கணக்கில் எடுத்து, நூலை நிமிர்த்தி, தன் மர ஸ்கேலில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு கவனமாக யாரும் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை.

பொட்டலம் பஸ்ஸில் வந்தது. திருச்சி–சென்னை வண்டிகள் விருத்தாசலத்துக்குள் வராது. வேப்பூர் கூட்டு ரோட்டில் நின்று கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு ஷிஃப்ட் இருந்ததால் நான் போனேன். பரோட்டாக் கடை வாசலில் நின்றேன். வண்டி வந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாக நீளமான பொட்டலத்தை நீட்டினார். சுற்றியிருந்த பேப்பர் எங்கள் பத்திரிகை. திட்டக்குடி ஏரிப்பாசனம் பற்றி நான் எழுதிய செய்தி, பாதியில் சணல் கட்டியிருந்தது.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் கேட்டார்.

“என்னாது அது?”

“குழல் சார்.”

“என்னா குழலு?”

“துப்பாக்கிக் குழல். குழந்தை இயேசுவக் குரங்கு தூக்கிட்டுப் போயிருது. அதுக்கு.”

அவர் என்னையும் பொட்டலத்தையும் பார்த்தார். பிரிக்கச் சொன்னார். குழலைக் கண்ணில் வைத்து, நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏர்கன்தான் என்று தெரிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தார்.

“நேரா இருக்குது” என்று மட்டும் சொன்னார்.

இரும்பு சுருங்காது

இனி அந்த மேசைக்குத் திரும்பலாம்.

அண்ணன் பழைய குழலைக் கழற்றி, உள்ளே புதிய ஸ்பிரிங்கைப் போட்டார். துப்பாக்கிக் கட்டையின் முன்முனையில் இரண்டு இரும்புக் காதுகள். அவற்றுக்கு நடுவில் குழலின் அடிப்பாகம் உட்கார வேண்டும். குறுக்கே ஒரு போல்ட் போகும். அந்தப் போல்ட்தான் கீல். புதிய குழலை உட்காரவைத்தார். கொஞ்சம் ஆடியது. பிஸ்கட் டின்னிலிருந்து தகடு வெட்டி, வட்டமாக்கி, இரண்டு பக்கமும் செருகினார். ஆட்டம் நின்றது. காற்று போகாமலிருக்க வாயில் புதிய தோல் வாஷர் வைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். நிமிர்த்தினார். ‘க்ளிக்’ என்று மூடியது. சந்தில் ஒரு தாளை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

“பாத்தியா?” என்றார் அக்காவிடம்.

“குட்டையா இருக்கற மாதிரி இருக்குதே.”

“பழசு வளைஞ்சிருந்துச்சில்லம்மா. வளைஞ்சது எப்பவும் நீட்டமாத்தான் தெரியும்” என்றார் கலியபெருமாள்.

அண்ணன் துப்பாக்கியைத் தொடையில் ஊன்றி, குழலை மடக்கினார். மடங்கவில்லை. மூச்சைப் பிடித்து அழுத்தினார். முகம் சிவந்தது. குழல் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டது. கலியபெருமாளும் ஒரு கை போட்டார். ஒட்டகத்தைப் பிடித்திருந்த ரெஜினாக்கா மேசையையே பிடிக்க வேண்டியதாயிற்று.

காரணம் எளியது. இந்த வகைத் துப்பாக்கியில் குழல்தான் நெம்புகோல். குழல் குட்டையானால் மடக்கும் பலம் கூட வேண்டும். ஸ்பிரிங்கோ புத்தம் புதுசு.

கலியபெருமாள் மர ஸ்கேலை எடுத்துப் புதிய குழலை அளந்தார். சொன்ன நீளம் இல்லை. அண்ணன் கொதித்துவிட்டார்.

“ஏமாத்திட்டானுங்க. சொன்ன அளவு என்ன, இது என்ன? தம்பி, இத நீ பேப்பர்ல போடு.”

பேப்பரில் போடுவதற்கு முன் இன்னொரு தரப்பை விசாரிக்க வேண்டும். ஷெட்டில் கிடைத்த இன்னொரு தரப்பு, ரெஜினாக்காவின் தையல் மிஷின் டிராயரில் இருந்த டேப். அதை வைத்து அளந்தேன். திருச்சிக்காரர்கள் நாங்கள் சொன்ன அளவுக்கு இம்மி பிசகாமல் அனுப்பியிருந்தார்கள். டேப்பையும் மர ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஸ்கேலின் ஒவ்வோர் அங்குலமும் டேப்பின் அங்குலத்தைவிடப் பெரிதாக இருந்தது.

விஷயம் என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பீங்கான் மண் காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது சுருங்கும். கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு போய்விடும். அதனால் அச்சுக்காரர்கள் ஸ்கேலையே பெரிதாகச் செய்துவைத்துக்கொள்வார்கள். அதில் அளந்து பொம்மை செய்தால், வெந்து வரும்போது சரியான அளவில் நிற்கும். சாதாரண ஸ்கேல் தப்பித்தவறிக் கைக்கு வந்துவிடக் கூடாது என்று ஷெட்டில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை கலியபெருமாள். பல வருஷமாக அவருக்கு அங்குலம் என்றால் அதுதான். அந்த நீட்டிய அங்குலத்தில் அளந்தால் பழைய குழலின் நீளம் குறைவாகத்தான் வரும்; அந்தக் குறைந்த கணக்கைத்தான் திருச்சிக்குச் சொல்லியிருந்தோம்.

“யோவ், துப்பாக்கியப் போயி பொம்ம ஸ்கேல்லயா அளப்ப?” என்றார் அண்ணன்.

கலியபெருமாள் ஸ்கேலைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

“இந்த ஸ்கேலு இதுவரைக்கும் தப்பு சொன்னதில்லண்ணே. இரும்பு சுருங்காததுக்கு நான் என்னா பண்றது?”

“வேற குழலு சொல்லி அனுப்புறேன்” என்றார் அண்ணன்.

“அது வர்றதுக்குள்ள மூணு ராஜாவும் பெத்தலகேம் போயிட்டுத் திரும்பியே வந்துருவாங்க” என்றார் ரெஜினாக்கா. “வெயிலு அடிக்குது. பலகைய எடுத்து வெளிய வைங்க. ரெண்டு பேரும் போயி முற்றத்துல ஒக்காந்து அத மடக்குங்க. குரங்கு வர்றப்ப சத்தம் வரணும்.”

வேடிக்கை

அண்ணன் தரையில் உட்கார்ந்து துப்பாக்கியின் கட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கலியபெருமாள் எதிரே உட்கார்ந்து, அண்ணனின் பாதங்களில் தன் பாதங்களை முட்டுக்கொடுத்துக் குழலின் நுனியில் தொங்கினார். பலகையில் குழந்தைகள் கைகளை விரித்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

குரங்குகள் வந்தன. வழக்கம்போல மதிலிலிருந்து இறங்கி, பலகையை நோக்கி வந்தன. பாதி வழியில் நின்றன.

இரண்டு மனிதர்கள் தரையில் உட்கார்ந்து, ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இழுய்யா!”

“இழுக்கறன், நீங்க கட்டைய விடறீங்க!”

“நான் எங்க விட்டன், உன் கைதான் வழுக்குது!”

ஒரு குரங்கு உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று உட்கார்ந்தது. குட்டியைச் சுமந்துவந்த ஒன்று குட்டியை இறக்கி முன்னால் விட்டது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுவதும் அரைவட்டமாக உட்கார்ந்துவிட்டது. மதில்மேல் போய் உட்கார்ந்த பிறகு மேனேஜர் மறுபடி இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். முன்வரிசைக்கு வந்தது.

ஒரு குழந்தைகூடக் களவு போகவில்லை.

கடைசியில் எப்படியோ குழல் மடங்கியது. அண்ணன் எழுந்து நிமிர்த்தி, விசையை இழுத்தார். அருமையான சத்தம். குரங்குகள் சிதறி ஓடின. மறுபடி மடக்குவதற்குள் திரும்பி வந்தன. இந்த முறை உட்காரவில்லை. எரிச்சலில், கைக்கு அகப்பட்ட குழந்தைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போயின.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரெஜினாக்கா நிலவரத்தை அந்த இடத்திலேயே புரிந்துகொண்டார்.

“இனிமே யாரும் சுடக் கூடாது. இழுத்துக்கிட்டே இருங்க. போதும்.”

“சத்தம் வரணும்னு நீதான சொன்ன?”

“சத்தமெல்லாம் வேணாம். இழுங்க.”

அதன் பிறகு வெயில் வந்த போதெல்லாம் இதே காட்சிதான். கலியபெருமாள் அச்சு வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்காருவார். அண்ணன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார். ஆலையில் என்ன காரணம் சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. அவர் இல்லாத ஒரு மத்தியானம் கட்டையை நான் பிடித்தேன். மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டது. உபதேசியாரும் உதவிக்கு வந்து நின்றார். அவரைத் துப்பாக்கிப் பக்கம் விடவில்லை.

அண்ணனுக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது. வேலை தெரிந்தவர். தகடு வெட்டி, வாஷர் போட்டு, தாள் நுழையாதபடி மூடவைத்த துப்பாக்கி. அது மடங்காமல் இருப்பதுதான் அதன் பயன் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை.

கடைசிப் பலகைக்கு வந்தோம். வானம் மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்தது. குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஸ்பிரிங் இத்தனை நாள் இழுப்பில் தளர்ந்திருக்க வேண்டும். யாரும் எதிர்பாராத நேரத்தில் ‘கடக்’ என்று குழல் முழுதாக மடங்கிவிட்டது. இரண்டு பேரும் மல்லாந்தார்கள்.

குரங்குகள் நிமிர்ந்தன.

“சுடாதீங்க!” என்றார் ரெஜினாக்கா வாசலிலிருந்து.

“இனி இழுக்கறதுக்கு ஒண்ணுமில்ல ரெஜினா. மடங்கிடுச்சி.”

“மடங்காத மாதிரி இழுங்க.”

அண்ணன் விசையைவிட்டு விரலைத் தள்ளிவைத்துக்கொண்டார். பிறகு அவரும் கலியபெருமாளும், மடங்கிவிட்ட துப்பாக்கியை மடக்குவதுபோல முன்னும் பின்னும் ஆடினார்கள். “இழுய்யா” என்றார் அண்ணன், உயிரில்லாமல். “இழுக்கறன்” என்றார் கலியபெருமாள். மேனேஜர் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஆனால் எழவில்லை.

ரெஜினாக்கா மெதுவாக வந்து பலகையைத் தூக்கினார். துணியைப் போர்த்தினார். யாரையும் பார்க்காமல் உள்ளே கொண்டுபோனார். முதல் தூறல் விழுந்தது. குரங்குகள் ஒவ்வொன்றாக எழுந்து மதில்மேல் ஏறி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போயின.

அண்ணன் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, குழலை நிமிர்த்தினார். குரங்கு இல்லாத முற்றத்தைப் பார்த்தபடி, உள்ளே குரல் கொடுத்தார்.

“இப்பவாவது சுடலாமா?”

“சுட்டுக்கங்க.”

வானத்தைப் பார்த்துச் சுட்டார். சத்தம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

“நல்லா இருக்குதுல்ல?”

“இருக்குது, இருக்குது. வந்து செங்கல் எடுத்துக் குடுங்க. மூடணும்.”

சூளையின் வாயைச் செங்கல் அடுக்கி அடைக்கும் முன் நானும் எட்டிப் பார்த்தேன். மாதாக்கள், சூசையப்பர்கள், ராஜாக்கள், எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். மேல் தட்டு முழுக்கக் குழந்தைகள். மாதாக்களைவிடக் குழந்தைகள் அதிகம் இருப்பதுபோல் பட்டது. அக்காவிடம் சொன்னேன்.

“ஆமா. குரங்குக்குப் போவும்னு சேத்துப் பண்ணது. அவ்வளவு போவல.”

“மீந்தது என்ன பண்ணுவீங்க?”

ரெஜினாக்கா கணவரைப் பார்த்துச் சொன்னார்.

“அடுத்த வருஷத்துக்கு.”

அண்ணன் ஒரு நிமிஷம் செங்கல்லோடு நின்றார். சிமென்ட் வியாபாரியின் பெயர் அவர் வாயில் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. செங்கல்லை அக்கா கையில் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுக்கக் குனிந்தார்.